மூன்றாம் தொட்டி

என் தங்கை வேலை பார்க்கும் தோட்டத்துக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். இனிமேல் போகப் போவதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

தோட்டம் என்றதும் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்து நடுவில் ஊஞ்சல் போட்ட பூங்காவை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், மழைக்காட்டுச் செடிகளை அழியாமல் காப்பதற்கென்றே நடக்கிற இடம் அது. காட்டை வெட்டிய இடம், ரோடு போட்ட இடம், மலை சரிந்த இடம் என்று எங்கெங்கோ மிச்சம் கிடக்கும் செடிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். என் தங்கை அங்கே பதினைந்து வருஷமாக இருக்கிறாள். விதையை முளைக்க வைத்து நாற்றாக்குவது அவள் வேலை. சங்கரன்கோவிலில் யாராவது தங்கச்சி எங்கே என்று கேட்டால், ஃபாரஸ்டில் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விளக்கிச் சொன்னால், செடிக்குத் தண்ணீர் ஊற்றவா எம்.எஸ்ஸி. படித்தாள் என்று அடுத்த கேள்வி வரும். எனக்கே அந்தக் கேள்வி உண்டு. அதனால் கோபம் வரும்.

நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். முப்பது வருஷமாக ஊரார் மனுவையும் வாக்குமூலத்தையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்தபோது மெஷின், இப்போது கம்ப்யூட்டர்; பொய் மட்டும் அதே பொய். வீட்டுக்காரர் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. அம்மாவோடு இருந்தேன். அம்மாவுக்குக் கடைசி நாலு வருஷம் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் நான்தான். ஆபீஸுக்குப் போகிற நேரத்துக்கு ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்வாள். தங்கை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். இரண்டு நாள் அம்மா பக்கத்திலேயே படுத்துக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை அம்மாவின் கன்னத்தைத் தொடுவாள். அது எனக்குப் பிடிக்காது. தொட்டுவிட்டுப் போவது சுலபம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தங்கைக்குப் போன் போட்டேன். அவள் காட்டுக்குள் இருந்தாள்; லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நாளக்கழிச்சு விடிய வந்திருதேன். இங்கன ஒரு மரம் காய்ச்சிருக்கு. இந்த வெத மூணு நாளுக்கு மேல உயிரோட இருக்காதுக்கா. இப்ப எடுத்து ஊனலன்னா அது திரும்பக் காய்க்க எத்தன வருசம் ஆவும்னு யாருக்கும் தெரியாது. அம்மா தாங்குவாள்லா?"

"தாங்குவா," என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு வருஷம் தாங்கியவள் இரண்டு நாள் தாங்க மாட்டாளா?

தாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே முடிந்துவிட்டது. தங்கைக்குச் சொல்ல லைன் கிடைக்கவில்லை. இளைய மகள் வரட்டும் என்று பொழுது சாய்கிற வரைக்கும் வைத்திருந்தோம். மழை வேறு. அதற்குமேல் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். அவள் அடுத்த நாள் விடிந்து வந்து சேர்ந்தாள். ஷூவெல்லாம் சேறு. நகக்கண்ணில் கறுப்பாக மண். வாசலில் நின்று, வீட்டுக்குள் விளக்கு எரிகிறதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நான் எழுந்து போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். வாசலுக்குப் போய், "வெத மொளச்சிட்டாட்டி?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். என் முன்னால் அவள் அழவே இல்லை.

விதை முளைத்தது. பதினோரு விதை ஊன்றியதில் ஐந்து முளைத்து, மூன்று நின்றன. மூன்றையும் தனித்தனித் தொட்டியில் வைத்து வளர்த்தாள். அந்த மரத்துக்குத் தமிழில் பெயர் இல்லை, மலையாளத்திலும் இல்லை. லத்தீனில் ரயில்வண்டி நீளத்துக்கு ஒன்று உண்டு. தங்கை ஒன்றாம் தொட்டி, இரண்டாம் தொட்டி, மூன்றாம் தொட்டி என்றுதான் சொல்வாள். வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது நான் கேட்பேன்: "அம்மய விட்டுட்டு வளத்த செடி எப்படிட்டி இருக்கு?" நன்றாக இருக்கிறது என்பாள். அவ்வளவு குத்தியும் அவள் ஒரு நாள்கூடத் திருப்பிக் குத்தியதில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

போன வருஷம் மழையில் அந்த மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து பள்ளத்தில் இறங்கியது. தாய்மரமும் போய்விட்டது. அது ஒன்றுதான் இருந்ததாம். பத்து வருஷமாக அந்த மலை முழுக்கத் தேடியும் அதன் இனத்தில் இன்னொரு மரம் கண்ணில் படவில்லையாம். எங்கள் ஊர் விதை என்றால் பானையில் போட்டுச் சாம்பல் தூவி வைத்தால் அடுத்த வருஷமும் முளைக்கும். இந்த விதையை உலர வைத்தாலே செத்துவிடும், எடுத்துவைக்க வழியில்லை. கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிக்காது. தங்கை போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இனி நம்ம தொட்டியில இருக்குத மூணுதாங்க்கா. அது போச்சுன்னா பூமியிலயே கெடையாது," என்று ஓவென்று அழுதாள்.

மரத்துக்கு அழுகிறாள். அம்மாவுக்கு அழாதவள் மரத்துக்கு அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கப்புறம் அந்தச் செடிகளைப் பற்றிக் குத்திப் பேசுவதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஊரில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு அவள் வரவில்லை. எந்த வருஷமும் வராமல் இருக்க மாட்டாள். கூப்பிட்டால், மூன்றாம் தொட்டிச் செடியின் இலையில் புள்ளி விழுந்திருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அடுத்த மழைக்கு மூன்றையும் காட்டில் கொண்டுபோய் நட ஏற்பாடாம், அதற்குள் இப்படி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. சாப்பிடுகிறாயா என்றேன். சாப்பிடுகிறேன் என்றாள். கையிலெல்லாம் வெடித்துச் சொறி வந்திருக்கிறது, அதனால் பிசைந்து சாப்பிட முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறேன் என்றாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில், இரண்டு பழைய வாயில் சேலை, அப்புறம் புற்றுமண் டப்பா. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கோமதியம்மன் கோயிலில் கொடுக்கிற புற்றுமண் வீட்டுக்கு வீடு ஒரு டப்பாவில் இருக்கும். சொறி, சிரங்கு, தேமல், பூச்சிக்கடி எதற்கும் அதைத்தான் குழைத்துப் போடுவோம். வயிற்றுவலிக்கு ஒரு சிட்டிகை வாயில். தங்கைக்குச் சின்ன வயசில் முழங்கையிலும் முழங்காலிலும் கரப்பான். அம்மா தினமும் மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவாள். இவள் காய்ந்ததும் அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டே பள்ளிக்கூடம் போவாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சைக்கு ஒரு தடவை இலையெல்லாம் சொறி விழுந்தது. அம்மா அதற்கும் வேரடியில் மண் வைத்தாள். அடுத்த மழையில் தழைத்துவிட்டது. மழையால் தழைத்ததா, மண்ணால் தழைத்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

தென்காசி, செங்கோட்டை, மலை ஏறி இறங்கி இன்னும் இரண்டு பஸ். ஊரில் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர் லாரியைப் பார்த்து நிற்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை. குடையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவதா என்று திண்டாடித் தோட்டத்து வாசலுக்குப் போனேன். வாசலில் அகலமான தட்டில் வெள்ளையாக மருந்துத் தண்ணீர். அதில் செருப்புக்காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தங்கை ரெயின்கோட்டோடு வந்து நின்றாள். பாதியாகியிருந்தாள்.

"அக்கா, கன்னு, கெழங்கு, வெத ஏதும் கொண்டாந்தியா? இங்கன வெளியிலருந்து எதும் உள்ள விடமாட்டாவ."

"ஊறுகா கொண்டாந்தேன். அதுவும் ஆவாதா?"

"ஊறுகா மொளைக்காதுக்கா," என்று சிரித்தாள். அந்த வருகையில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

தோட்டத்துக்கு வெளியே வேலைக்காரர்களுக்கென்று வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். அதில் ஓர் அறை அவளுக்கு. போனதும் கையைக் காட்டு என்றேன். காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து, ரத்தம் கன்றி, பார்க்கவே முடியவில்லை. ஏதோ செடியின் பாலும் ஈரமும் சேர்ந்து அப்படி ஆகிவிடுகிறதாம். நான் டப்பாவை எடுத்தேன். குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். குழைத்துப் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "அம்மா வாசம்," என்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளோடு நல்லபடியாக இருக்கலாம் போலிருந்தது.

ஒரு மணி நேரம்கூட இராது. வேலைக்குக் கிளம்பும்போது குழாயைத் திறந்து இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். நகத்துக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தாள்.

"ஏட்டி, ஒரு நாளு இருக்கட்டும். இப்பதான பூசினேன்."

"இல்லக்கா. நாத்துக்கூடத்துக்குள்ள வெளிமண்ணு ஒரு பொட்டு போவப்படாது. நம்ம ஊருல சும்மா கெடக்குத கிருமி இங்கன ஈரத்துல என்ன செய்யும்னு சொல்ல முடியாது. அந்த டப்பாவ இங்கயே வச்சிட்டு வா, என்ன?"

நான் சரி என்று தலையாட்டினேன். கோமதியம்மன் மண் இவளுக்கு வெளிமண் ஆகிவிட்டது. கிருமியாம். கரப்பானை ஆற்றிய மண், சாகிறவரை அம்மா நெற்றியில் வைத்த மண். உள்ளே சுருக்கென்றது. டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் செருப்பை மாட்டுகிறபோது திரும்ப எடுத்து, சேலைத் தலைப்பில் ஒரு பிடி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒரே பதிலாகச் சொல்ல வராது.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். அழகாக இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பெரியாஸ்பத்திரி வார்டுக்குள் போனதுபோல் இருந்தது. பாறையில் ஒட்டி வளரும் காசித்தும்பை, விரல்நகம் அளவுதான் இருக்கிறது, அது வளர்ந்த பாறையை வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். மரக்கிளையில் தொங்குகிற ஆர்க்கிட், அந்த மரம் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் நம்பர் போட்ட தகடு. இலை காயாமல் இருக்க மெல்லிய குழாயிலிருந்து புகைபோலத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. "இதெல்லாம் எப்பட்டி வீட்டுக்குப் போவும்?" என்று கேட்டேன். "பாதிக்கு வீடே இல்லக்கா. இங்கனயேதான்," என்றாள். பச்சை பச்சையாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் இருக்கிறது; எதையும் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

நாற்றுக்கூடம் கடைசியில் இருந்தது. பச்சை வலை போட்ட கூரை, கண்ணாடிக் கதவு, இன்னொரு மருந்துத் தட்டு. உள்ளே மேஜைமேல் மூன்று தொட்டி. இதற்காகவா என்றுதான் முதலில் தோன்றியது. ஆறு வருஷத்துச் செடி என் இடுப்புவரைகூட இல்லை. சப்போட்டா இலைபோல ஒரு சாதாரண இலை. பூவில்லை, வாசனையில்லை. ஒன்றும் இரண்டும் திடமாக நின்றன. மூன்றாவது கொஞ்சம் தொய்ந்து, இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகளோடு இருந்தது.

தங்கை குனிந்து ஓர் இலையின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். "இவ ஒருத்திதாங்க்கா சொணங்குதா," என்றாள். அப்படியே அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். எவ்வளவு பொறுமை! அடுத்த இலை, அதற்கடுத்த இலை. நான் அம்மாவைத் துடைத்த நாலு வருஷமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. எரிச்சலும் இரக்கமும் ஒரே சமயத்தில் இருந்தன. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். கிளம்புமுன் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி அவளோடு நாற்றுக்கூடத்துக்குப் போனேன். யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார்.

"அஞ்சு நிமிசத்துல வாரேன்க்கா. எதையும் தொட்டிராத."

கதவு சாத்தியதும், முதல் நாளிலிருந்து இடுப்பிலேயே இருந்த மண் முடிச்சை அவிழ்த்தேன்.

இலையில் பூசினால் தெரிந்துவிடும். அதனால் வேரடியில் போட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகளை விலக்கி, மண்ணை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, தண்டைச் சுற்றி வைத்து அமுக்கினேன். தாயே கோமதி, இவளுக்கு இந்த ஒன்றையாவது பிழைக்க வைத்துக் கொடு என்று வாய்விட்டுச் சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

அதோடு விட்டிருந்தால் இரண்டு தொட்டியாவது பிழைத்திருக்கும். விபூதியோ குங்குமமோ மண்ணோ, வீட்டில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அம்மா நோயாளிக்கு மண் வைத்தால் வரிசையாக எல்லோர் நெற்றியிலும் வைப்பாள். கையில் மிச்சம் இருந்தது. ஒன்றாம் தொட்டிக்கும் இரண்டாம் தொட்டிக்கும் ஆளுக்கொரு சிட்டிகை வைத்தேன். மரப்பட்டையைப் பழையபடி பரப்பிவிட்டேன். தங்கை வந்தபோது முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து போன். மூன்றாம் தொட்டி புதுத் துளிர் விட்டிருக்கிறதாம். புள்ளி பரவவில்லையாம். "அக்கா, நீ வந்துட்டுப் போன ராசிக்கா," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்டேன். படிப்பெல்லாம் பெரிய படிப்புத்தான், மண்ணுக்கு முன்னால் என்ன செய்தது என்று திமிராக நினைத்துக்கொண்டே பிரகாரம் சுற்றினேன். சமயம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம், சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

ஆவணி கடைசியில் மூன்று செடியும் ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப்போட்டன. நல்ல ஈரத்தில் நின்றுகொண்டே வாடின. மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். வேறு மண்ணில் மாற்றலாம் என்று தூக்கியபோது வேர் கறுத்து, ஊறிப்போன பழந்துணி மாதிரி கையோடு வந்துவிட்டதாம். வேர் அழுகல். பரவும் நோய் என்பதால் தொட்டியையும் மண்ணையும் செடியையும் சேர்த்து எரித்தார்கள். அந்த மேஜையில் இருந்த மற்ற நாற்றுகளையும் எரித்தார்கள். தங்கை கையாலேயே கொண்டுபோய் அடுப்பில் போட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. மனுவை வாசித்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"அக்கா, நீ உள்ள இருந்தப்ப தொட்டிய ஏதும் தொட்டியா?"

"இல்லட்டி," என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மண் வைத்தேன் என்று சொல்வது கஷ்டமில்லை. ஆசையாகத்தான் வைத்தேன் என்பதை யார் நம்புவார்கள்? ஆறு வருஷமாக அம்மாவை விட்டுவிட்டு வளர்த்த செடி என்று குத்திக்கொண்டிருந்தவள் நான். வெளிமண் ஒரு பொட்டு வரக் கூடாது என்று அவள் சொன்ன பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மரப்பட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தவள் நான். அவளுடைய இடத்தில் நான் இருந்தால் நம்ப மாட்டேன்.

தோட்டத்து ஆபீஸில் விசாரணை வந்ததாம். தன் கவனக்குறைவால் வெளிமண் உள்ளே வந்துவிட்டது என்று தங்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள். 'என் கவனக்குறைவால்' என்ற சொல்லை நான் எத்தனை பேருக்குத் தட்டிக் கொடுத்திருக்கிறேன்! பாதிப் பேர் யாரையோ காப்பாற்றத்தான் அதில் கையெழுத்துப் போடுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், இவள் அசட்டுத்தனமாகத் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் எனக்குச் சௌகரியம். அவளை நாற்றுக்கூடத்திலிருந்து எடுத்து, வாசலில் பார்வையாளர்களுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலையில் போட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் அம்மாவின் திதிக்கு வந்தாள். தர்ப்பணம் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். கையால் பிசைந்து சாப்பிட்டாள். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். சாமி அலமாரியில் விபூதி எடுக்கப் போனவள், புற்றுமண் டப்பாவைக் கையில் எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறவள், அப்படியே நின்றுவிட்டேன்.

"எரிக்கதுக்கு முன்னால கிளறிப் பாத்தேன்க்கா," என்றாள். "மரப்பட்டைக்கு அடியில இருந்துச்சு. எடுத்து மோந்து பாத்தேன். இந்த வாசம் எனக்குத் தெரியாதா."

கையிலிருந்த எச்சில் இலையை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"மூணுலயும் இருந்துச்சு," என்றாள்.

"ஒண்ணுக்கு மட்டும் வச்சிட்டு மத்ததுக்கு வைக்காம எப்படிட்டின்னு…" என்று ஆரம்பித்தேன். அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லதுக்குத்தான வச்ச?"

இத்தனை வருஷம் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்காதவள் கேட்டுவிட்டாள். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது; அது நன்றாகவே தெரிந்தது. நாற்றுக்கூடத்தில் அழுததும் உண்மை. ஈரப் பஞ்சால் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்மை. மண்ணை வைத்து அமுக்கியது எந்தக் கை என்று நானே பல நாள் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"ஆமாட்டி," என்றேன்.

சரி என்றாள். பையை எடுத்தாள். எனக்கு ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. வாசல்வரை கூடப் போய், "கை எப்படிட்டி இருக்கு? காட்டு," என்றேன்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெடிப்பெல்லாம் ஆறி, புதுத்தோல் வந்து, சின்னப் பிள்ளை கை மாதிரி சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில் பொட்டு அழுக்கில்லை.

"சரியாயிட்டுக்கா," என்றாள். "இப்ப மண்ணத் தொடுததே இல்லல்லா."